மாவிலை மஞ்சளானால் உர மூட்டையைப் பிரிக்காதீர்கள்

பர்மாவில் மோல்மேனுக்குத் தெற்கே முடோன் பக்கம் செம்மண் மேட்டில் எனக்கு அறுபது மா நிற்கிறது. பாதிக்கு மேல் செயின்தலோன் ரகம். நாலு வருஷத்துக்கு முன் அடியிலைகள் ஓரம் கருகின. பொட்டாஷ் குறைவு என்றார் உரக்கடைக்காரர். மரத்துக்கு ஒரு விசை (சுமார் 1.6 கிலோ) போட்டேன். மறுவருஷம் கருகல் கூடியது. போதாததற்கு இலையின் நடுவே பச்சை ஆப்பு போல நிற்க, ஓரமெல்லாம் மஞ்சள். அது மக்னீசியக் குறைவு. பொட்டாஷ் மிஞ்சினால் வேர் மக்னீசியத்தை எடுக்காது. எங்கள் மழை வேறு மிச்சத்தை அரித்துக்கொண்டு போய்விடும். கருகலுக்குக் காரணம் கோடையில் இறைத்த உப்புக் கிணற்றுத் தண்ணீர். நான் போட்ட மியூரியேட் பொட்டாஷிலும் குளோரைடு உண்டு. காசு கொடுத்து உப்பைக் கூட்டியிருக்கிறேன்!

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, கோளாறு அடியிலையிலா கொழுந்திலா என்பது. தழை (நைட்ரஜன்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாஷ்), மக்னீசியம் நான்கும் பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகரும்; குறைந்தால் அடியிலை வாடும். துத்தநாகம், இரும்பு, போரான், சுண்ணாம்பு (கால்சியம்) அவ்வளவாக நகராது, கொழுந்தில் காட்டும். இலை சிறுத்து, குறுகி, நுனியில் கொத்தாகக் கூடினால் துத்தநாகம். நரம்பு பச்சையாக இருக்க இடையெல்லாம் வெளுத்தால் இரும்பு. மண்டலே பக்கம் மச்சானின் சுண்ணாம்பு மண்ணில் இதுதான் தொல்லை. தளிர் செம்பு நிறத்தில் வருவது இயல்பு, இலை முற்றட்டும். ஒரு கிளை மட்டும் வாடினால் சத்தை விட்டுவிட்டுத் தண்டுத் துளைப்பானைத் தேடுங்கள்.

சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு கிளையில் சோதியுங்கள். துத்தநாகத்துக்குப் பத்து லிட்டர் தண்ணீரில் 50 கிராம் ஜிங்க் சல்பேட், 25 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு. மக்னீசியத்துக்குத் தனியாகப் பத்து லிட்டர் தண்ணீரில் 100 கிராம் எப்சம் உப்பு. கிளையில் துணி கட்டி அடையாளம் வையுங்கள். சிறுத்துப்போன பழைய இலை திருந்தாது. அடுத்த தளிரைத்தான் பார்க்க வேண்டும்.

பழத்தையும் அறுத்துப் பாருங்கள். வெளியே காயாக இருக்கும்போதே நுனிச் சதை கூழானால், தழைச்சத்து கூடிச் சுண்ணாம்புச் சத்து குறைந்திருக்கலாம். யூரியாவை நிறுத்துங்கள்.

அப்புறம் இலைப் பரிசோதனை. பூக்காத கிளைகளின் நடுவிலிருந்து, நாலு முதல் ஏழு மாத இலைகளை, மரத்தின் நாலு பக்கமும் காம்போடு பறியுங்கள். நல்ல மரத்து இலை ஒரு பை, நோஞ்சான் மரத்து இலை வேறு பை. மருந்து தெளித்த இலை வேண்டாம், கணக்கு பொய்க்கும். முடிவில் தழைச்சத்து 1 முதல் 1.5 சதவீதம், சுண்ணாம்புச் சத்து 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் நல்லது. என் இலையில் சுண்ணாம்பு 1.3 தான் இருந்தது. புளித்த (அமில) மண்ணாச்சே! டோலமைட் போட்டேன்; சுண்ணாம்பும் மக்னீசியமும் ஒரே மூட்டையில் கிடைத்தன. பொட்டாஷ் மூட்டை இன்னும் கொட்டகையில் கிடக்கிறது.