டாக்கோ கேட்பதற்கு முன் ஒரு கேள்வி

போன சனிக்கிழமை ஹூஸ்டனில் ஒரு மெக்சிகன் உணவகத்துக்குப் போய் ஏமாந்து வந்தோம். டாக்கோவைக் கையில் எடுத்ததுமே, கறியை வைத்து மடித்திருந்த டார்ட்டியா என்ற மெல்லிய மக்காச்சோள ரொட்டி நடுவில் பிளந்து, கறியும் சாறும் தட்டில் கொட்டிவிட்டன. பாக்கெட் டார்ட்டியாவைச் சரியாகச் சூடாக்காவிட்டால் இப்படித்தான் உடையும்.

அதனால் ஆர்டர் கொடுக்கும் முன், "டார்ட்டியா இங்கேயே சுடுவதா?" என்று கேட்டுவிடுங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு அரைத்த மாவு என்றால் கல்லில் போட்டதும் சப்பாத்தி மாதிரி உப்பும். அந்த மணமே தனி!

அப்புறம், உருகிய மஞ்சள் சீஸ் மூடி வந்தால் அது டெக்சாஸில் வளர்ந்த டெக்ஸ்-மெக்ஸ் பாணி. அதுவும் ருசிதான். மெக்சிகோவின் ருசி வேண்டுமென்றால் நறுக்கிய வெங்காயம், கொத்தமல்லி, எலுமிச்சையோடு வரும் டாக்கோவைக் கேளுங்கள்.