புரதம் மாறவில்லை என்று மரபணுவை அடித்துவிடாதீர்கள்

பரிணாம மரபியலுக்குப் புதிதாக வருபவர்கள், நான் ஒரு காலத்தில் விழுந்த குழியிலேயே வந்து விழுகிறார்கள். போன வாரமும் ஒருவர் விழுந்தார். சாம்பிள் குழாயில் பெயரை மாற்றி எழுதுவது மாதிரியான தவறுகளை விட்டுவிடுகிறேன். அவை நாலு தடவை திட்டு வாங்கினால் சரியாகிவிடும்.

புரதப் பகுதியை மட்டும் படிப்பது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. நெருங்கிய உறவுள்ள இரண்டு இனங்கள். ஒன்றுக்கு இருக்கும் உறுப்பு மற்றதற்கு இல்லை. சந்தேகப்பட்ட மரபணுவில், புரதத்துக்கான பகுதியை மட்டும் வரிசைப்படுத்திப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். "இது இல்லை" என்று பட்டியலில் அடித்துவிட்டு, எட்டு மாதம் வேறு மரபணுக்களின் பின்னால் அலைந்தேன். கடைசியில் அடித்துவிட்ட அதே மரபணுதான். அதை எங்கே, எப்போது இயக்குவது என்று தீர்மானிக்கும் என்ஹான்சர், அதாவது சுவிட்ச், பாதி காணாமல் போயிருந்தது.

இத்தனைக்கும் விஞ்ஞானிகள் மேரி-கிளேர் கிங்கும் ஆலன் வில்சனும் 1975-லேயே சொல்லிவிட்டார்கள்: மனிதப் புரதங்களும் சிம்பன்சியின் புரதங்களும் சராசரியாக 99 சதவீதத்துக்கு மேல் ஒன்றே, உருவ வித்தியாசத்துக்குக் காரணம் பெரும்பாலும் மரபணுக்கள் இயங்கும் விதத்தில்தான் இருக்க வேண்டும் என்று. படித்திருந்தேன். பரீட்சைக்குப் படித்தது வேலைக்கு வரவில்லை.

ஸ்டிக்கிள்பேக் மீனைப் பாருங்கள். கடலில் வாழ்பவற்றுக்கு இடுப்பில் முள் உண்டு. பல ஏரிகளில் வாழ்பவற்றுக்கு இல்லை. அந்த முள் வளரத் தேவையான பிட்எக்ஸ்1 என்ற மரபணுவின் புரதம் இரண்டிலும் ஒன்றுதான். தாடைக்கும் அந்த மரபணு வேண்டும்; எலியில் அதை முழுவதும் நீக்கினால் குட்டி பிறந்ததும் இறந்துவிடும். அதனால் இடுப்புக்கான சுவிட்சை மட்டும் இழந்த மீன்கள் பிழைத்தன. அதுவும் ஒரே ஏரியில் அல்ல, தனித்தனியாகப் பல ஏரிகளில். அந்தச் சுவிட்சைத் திரும்ப வைத்தபோது முள் வளர்ந்தது.

"பாம்பு கால் மரபணுவைத் தொலைத்துவிட்டது"

இல்லை, கால் வளரத் தேவையான சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணு பாம்பிடம் பத்திரமாக இருக்கிறது.

சுவிட்ச் இயக்குவது பக்கத்து மரபணுவைத்தான் என்று நம்புவது

காலுக்கான சுவிட்ச் சோனிக் ஹெட்ஜ்ஹாக்கிலிருந்து சுமார் 10 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் தள்ளி, சம்பந்தமே இல்லாத இன்னொரு மரபணுவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பாம்பில் சிதைந்திருப்பது அதுதான். 2016-இல் எலியின் சுவிட்சை எடுத்துவிட்டு மலைப்பாம்பினுடையதை வைத்தார்கள். கால்கள் வெறும் குட்டையாக நின்றன. விடுபட்டிருந்த 17 எழுத்துகளைச் சேர்த்ததும் கால் வந்துவிட்டது.

எல்லாமே சுவிட்ச்தான் என்று கிளம்புவது

இது எட்டு மாதம் அலைந்த பிறகு வரும் வியாதி, எனக்கும் வந்தது. பூச்சிகளின் வயிற்றில் கால் இல்லாததற்கு உடலின் எந்தப் பகுதியில் என்ன வளர வேண்டும் என்று தீர்மானிக்கும் யுபிஎக்ஸ் என்ற புரதமே மாறியதும் ஒரு காரணம். அதனால் அந்தப் பட்டியலில் இப்போது பென்சிலால்தான் அடிக்கிறேன்.