'நியாயமான செலவு' என்று பணத்தைப் பிடித்தால், எதோடு ஒப்பிட்டீர்கள் என்று கேளுங்கள்

சித்திக்குப் போன வருடம் கண்புரை ஆபரேஷன். பில் 58,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தது 36,000. மீதிக்குக் காரணமாகக் கடிதத்தில் ஒரே வரி: 'ரீசனபிள் அண்ட் கஸ்டமரி சார்ஜஸ் விதிப்படி பிடித்தம்'. "நியாயமான, வழக்கமான கட்டணம்னு அர்த்தம் சித்தி" என்றேன். "அப்போ நாம அநியாயமா செலவு பண்ணிட்டோம்னு சொல்றாங்களா?" என்று கேட்டார்.

பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். சிலர் தங்கள் மேல்தான் தப்பு என்று கூசிப்போய் மீதிப் பணத்தை மறந்துவிடுகிறார்கள். சிலர் கஸ்டமர் கேரில் கத்திவிட்டு ஓய்ந்துபோகிறார்கள். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று இரண்டு தரப்புமே பார்ப்பதில்லை.

மருத்துவக் காப்பீட்டில் இந்தச் சொல்லுக்கு, காப்பீட்டு நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த வரையறை இருக்கிறது. பாலிசி புத்தகத்தின் முதல் பக்கங்களில், வரையறைகள் பகுதியில் தேடினால் கிடைக்கும். அதன் சாரம்: அந்த மருத்துவமனை வழக்கமாக வாங்கும் கட்டணமாக இருக்க வேண்டும், அதே பகுதியில் அதே மாதிரி சிகிச்சைக்கு நடப்பில் இருக்கும் கட்டணத்தோடு ஒத்துப்போக வேண்டும், நோயின் தன்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்களுக்கோ கிளெய்ம் பார்க்கும் அதிகாரிக்கோ மனதில் நியாயமாகப் படுவது இங்கே செல்லாது. எல்லாமே ஒப்பீடு.

ஒப்பீடு என்றால், எதோடு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சென்னையில் பல் பிடுங்கும் செலவையும் செங்கோட்டையில் பிடுங்கும் செலவையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கும் சேர்ந்து சில மருத்துவமனைகளோடு பேசி வைத்திருக்கும் பேக்கேஜ் விலைகள் உண்டு. பிபிஎன் ரேட் என்பார்கள். அந்த ஏற்பாட்டிலேயே இல்லாத மருத்துவமனையின் பில்லுக்கும் சில சமயம் அதே விலையை வைத்து வெட்டுவார்கள். அப்படித்தான் கொடுப்போம் என்று பாலிசியில் எழுதியிருந்தால் ஒன்றும் சொல்வதற்கில்லை. எழுதாதபோது, பேரம் பேசிக் குறைத்த விலை எப்படிப் பகுதியின் நடப்பு விலை ஆகும் என்று கேட்கலாம்.

இதே வரையறை மருத்துவமனைக்கு எதிராகவும் பேசும். அட்மிஷன் கவுண்டரில் முதலில் கேட்பது "இன்ஷூரன்ஸ் இருக்கா?" என்பதுதானே! காசு கட்டி வருபவருக்கு ஒரு விலை, கார்டு வைத்திருப்பவருக்கு ஒரு விலை என்றால் பின்னது அந்த மருத்துவமனையின் 'வழக்கமான' கட்டணம் அல்ல. அங்கே நிறுவனம் வெட்டினால் அதில் தப்பில்லை. ஆகவே சேரும்போதே அச்சிட்ட கட்டணப் பட்டியலைக் கேட்டு ஒரு போட்டோவாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் கோட்டை விடுவது நோயின் தன்மை. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் என்று மட்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருந்தால், சாதாரண அப்பெண்டிக்ஸுக்கு ஆகும் செலவோடுதான் ஒப்பிடுவார்கள். அது வெடித்துச் சீழ் பரவியிருந்ததோ, சர்க்கரை கட்டுக்குள் வராமல் இரண்டு நாள் கூடுதலாக இருக்க நேர்ந்ததோ தாளில் இல்லையென்றால், நடக்கவே இல்லை என்றுதான் பொருள். டிஸ்சார்ஜ் ஆகும் அவசரத்தில் யாரும் இதைப் படிப்பதில்லை. டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டிய நேரமும் அதுதான்.

எல்லாப் பிடித்தத்தையும் ஒரே மூட்டையாகப் பார்ப்பது அடுத்த தவறு. கையுறை, டயப்பர் மாதிரி பொருட்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு, கோ-பேமென்ட் (பில்லில் இத்தனை சதவீதம் நீங்களே கட்ட வேண்டும் என்ற விதி) தனி, அறை வாடகை தனி. எது எந்த விதியில் போனது என்று பிரித்துப் பாருங்கள். இவற்றில் அறை வாடகைதான் ஆளைச் சாய்ப்பது, அதனால் ஒரு கணக்கு போட்டே பார்ப்போம். உங்கள் பாலிசியில் அறைக்கு ஒரு நாளைக்கு 3,000 வரைதான். நீங்கள் எடுத்ததோ 6,000 ரூபாய் அறை, நான்கு நாள். அறைக்கு 24,000, டாக்டர், தியேட்டர் வகையறா 80,000, மருந்து, இம்பிளான்ட், பரிசோதனை 60,000. மொத்தம் 1,64,000. அறையில் பாதிதான் உங்கள் தகுதி என்பதால் டாக்டர், தியேட்டர் கட்டணமும் அதே விகிதத்தில் பாதியாகும். ஆனால் மருந்து, இம்பிளான்ட், பரிசோதனை ஆகியவற்றில் இந்த விகித வெட்டு கூடாது என்று 2020-லேயே ஐஆர்டிஏஐ சொல்லிவிட்டது. ஐசியு கட்டணத்துக்கும் அப்படியே. ஆக 12,000 + 40,000 + 60,000, அதாவது 1,12,000 வர வேண்டும். 82,000 மட்டும் வந்தால், வெட்டக் கூடாத 60,000-லும் பாதியை வெட்டியிருக்கிறார்கள். அறைக்குத் தகுந்தாற்போல் டாக்டர் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனை என்றால் அந்த 40,000 வெட்டும் செல்லாது. அதை மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள்.

வாடகை ஒப்பந்தத்திலும் இதே 'நியாயமான' ஒளிந்திருக்கிறது. வீட்டைக் காலி செய்யும்போது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடிப்பது சென்னையில் ஏறக்குறைய சம்பிரதாயம். 1882-ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவோ, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, நியாயமான தேய்மானத்தைக் குடித்தனக்காரர் தலையில் கட்டுவதில்லை. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று தொகையே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும், 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவில் அது உச்சவரம்புதான்; அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும். கையெழுத்துப் போட்டாச்சே என்று வாயை மூடிக்கொள்வதும் ஒரு தவறுதான்.

காப்பீட்டுக்கு வருவோம். போனில் பேசியது எதுவும் கணக்கில் வராது. கிளெய்மை மறுத்தாலும் ஒரு பகுதியை மட்டும் வெட்டினாலும் பாலிசியின் எந்த விதிப்படி என்று காட்டிக் காரணம் சொல்ல வேண்டும் என்பது 2024-ல் வந்த ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் ஒப்பவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஒம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம். உங்கள் புகாரை நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஆறப்போட்டு வாய்ப்பை இழந்தவர்கள் நிறைய.

சித்திக்காக நான் எழுதியது அரைப் பக்கம்தான். எந்த மருத்துவமனைகளின் கட்டணத்தோடு ஒப்பிட்டீர்கள் என்ற கேள்வி, கூடவே ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் கட்டணப் பட்டியல். ஆறு வாரத்தில் இன்னொரு 14,000 வந்தது. மிச்சம் 8,000-க்கு இந்த முறை காரணத்தை விவரமாக எழுதியிருந்தார்கள்: கண்ணாடி போடாமலே படிக்கலாம் என்று சித்தி ஆசைப்பட்டு வாங்கிய உயர் ரக லென்ஸின் கூடுதல் விலை. "அது நியாயம்தான்" என்று சித்தியே சொல்லிவிட்டார்.