கல்லணைக்கு போறீங்களா, முதல்ல முக்கொம்புல இறங்குங்க

கல்லணைக்கு போற முக்காவாசி பேர் ஷட்டர போட்டோ எடுத்துட்டு கரிகாலன் கட்டுனதுனு ஸ்டேட்டஸ் போட்டுட்டு வந்துடுறாங்க, ஆனா அந்த ஷட்டரும் மேல போற பாலமும் வெள்ளைக்காரன் காலத்துலருந்து வந்தது, கரிகாலன் வேலை அதுக்கு அடியில இருக்கு.

காலையிலயே திருச்சிக்கு மேற்க சுமார் 18 கிலோமீட்டர்ல இருக்குற முக்கொம்புக்கு போயிடுங்க. காவிரி அங்கதான் ரெண்டா பிரியுது, இடது பக்கம் போறது கொள்ளிடம், அது கொஞ்சம் பள்ளம், இத மட்டும் மனசுல வச்சுக்கோங்க. நடுவுல ஸ்ரீரங்கம் தீவு. தீவு முடியிற இடத்துல ரெண்டு ஆறும் மறுபடி கிட்ட வருது, அங்க தடுக்கலன்னா காவிரித் தண்ணி பள்ளத்த பாத்து கொள்ளிடத்துல விழுந்து நேரா கடலுக்கு போயிடும், தஞ்சாவூர் வயலுக்கு ஒண்ணும் மிஞ்சாது. அதனால கல்லணை தண்ணிய தேக்குற அணை இல்ல, திருப்பி விடுற அணை!

அடுத்து திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வந்து கல்லணை பஸ் பிடிங்க. அங்க தண்ணி போற திசைய பாத்து நின்னா இடமிருந்து வலமா கொள்ளிடம், காவிரி, வெண்ணாறு, கடைசியா 1934ல வந்த கல்லணைக் கால்வாய், ஊர்ல புது ஆறுன்னு சொல்வாங்க. பழைய அணை கொள்ளிடத்துப் பக்கம் இருக்கு, சுமார் 1,080 அடி நீளம், நேர்கோடா இல்லாம வளைஞ்சு போகும், அத ஒருதடவ முழுசா நடந்து பாருங்க. ஆத்து மணல்ல பெரிய பாறைய போட்டா தண்ணி அடிமணல அரிக்க அரிக்க பாறை தானா கீழ இறங்கும், அதுமேல இன்னொண்ணு, நடுவுல களிமண்ணு, இப்படியே அடுக்கி அசையாம நிக்க வச்சிருக்காங்க. மணல்ல அஸ்திவாரம் போடுறத இவங்ககிட்டதான் கத்துக்கிட்டோம்னு வெள்ளைக்கார இன்ஜினியர் ஆர்தர் காட்டனே எழுதிருக்காரு, எனக்கு அத நினைச்சா இன்னமும் சிலிர்க்கும். காவிரி மணல் மேடிட்டுப் போனப்ப அவர்தான் இங்க மணற்போக்கி, அதாவது மணல வெளிய தள்ளுற மதகு, வச்சாரு, 1836ல முக்கொம்புல மேலணையும் கட்டுனாரு.

மேட்டூர் ஜூன் 12 திறந்தா மூணு நாலு நாள்ல தண்ணி இங்க வந்துடும், முடிஞ்சா அப்ப போங்க, நெல்லும் பூவும் தூவி மதகு திறப்பாங்க. ஷட்டர் பக்கம் மட்டும் குளிக்க இறங்காதீங்க, சுழல் இருக்கும்.