இரவுச் செபத்தில் தூங்கி வழிந்தேன், இப்படிச் சரியானது

கிறிஸ்மஸுக்கு முந்திய ஆயத்த வாரங்களான திருவருகைக்காலம் தொடங்கியதும் இரவு 10 மணிக்குச் செபமாலையை எடுப்பேன். மூன்றாவது பத்து மணிகளுக்குள் தலை கதிரையில் சாய்ந்துவிடும். ஒன்பது நாள் இதே கதை. பிளேன்டீ குடித்துப் பார்த்தேன், நெஞ்செரிவுதான் மிச்சம். முழந்தாளில் நின்றால் கட்டில் விளிம்பில் நித்திரை. விடியற்காலை 3 மணிக்கு அலாரம் வைத்த நாளில் அலுவலகத்தில் கொட்டாவி. வெட்கமாக இருந்தது.

அப்புறம் விவிலியத்தில் மாற்கு 13:35ஐ மெதுவாக வாசித்தேன். 'விழிப்பாயிருங்கள்' என்பதையே பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருந்த நேரங்களை இத்தனை வருடமாய்த் தாண்டியிருக்கிறேன்: மாலை, நள்ளிரவு, சேவல் கூவும் வேளை, காலை. ரோமர் இரவைப் பிரித்த நான்கு சாமங்கள் அவை. முதலாவதே மாலைதான்! காவலாளியும் நான்கு சாமமும் ஒருவனாய் நிற்பதில்லை.

சரி, என் சாமம் மாலை என்று வைத்துக்கொண்டேன். வேலை முடிந்து கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் இறங்கி, வீட்டுக்குப் போகுமுன் செபமாலையை முடிக்கிறேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அதே கோவில். அங்கே இருக்கும்போது கண் தானாய்ச் சொருகுவதில்லை. செவ்வாயில் மட்டும் நெரிசல் அதிகம், அன்று வாசலில் நின்றபடிதான்.