நின்டெண்டோ ஸ்விட்ச் மதர்போர்டை வீட்டிலேயே மாற்றுவது: வாங்குவதற்கு முன் மெமரியைக் கேளுங்கள்

அக்கா மகனுடைய ஸ்விட்ச் (கையில் பிடித்து விளையாடும் நின்டெண்டோ கேம் கருவி) போன மழைக்காலத்தில் செத்துப்போனது. இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் அவர்கள் இருக்கும் தோட்ட லயத்து வீட்டில் தகரம் ஒழுகி, அலமாரிக்குள் இறங்கிய தண்ணீர் இரண்டு நாள் அதன்மேலேயே நின்றிருக்கிறது. கத்தாரிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த சாமான், பிள்ளைக்கு அதுதான் உயிர். டவுனில் காட்டினோம், போர்ட் (உள்ளே சிப்புகள் எல்லாம் இருக்கும் மதர்போர்ட்) போய்விட்டது, இதற்கெல்லாம் பார்ட்ஸ் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் நானே திறந்து மாற்றினேன். முதல்முறை தப்பாகி, இரண்டாம்முறைதான் சரியானது. நான் மாட்டிக்கொண்ட இடங்களில் நீங்கள் மாட்டக்கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், போர்டை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். சார்ஜ் ஏறாத ஸ்விட்ச் எல்லாம் போர்ட் செத்த ஸ்விட்ச் இல்லை. நிறைய இடங்களில் போவது எம்92டி36 என்ற சார்ஜிங் சிப் மட்டும்தான், கை தேர்ந்தவர் அதை மட்டும் மாற்றித் தருவார். வோல்ட் காட்டும் யூ.எஸ்.பி-சி மீட்டர் ஒன்றை ஸ்விட்சுக்கும் சார்ஜருக்கும் நடுவில் போட்டு அசல் சார்ஜரைச் செருகுங்கள். அந்தச் சார்ஜர் 5 வோல்ட்டும் தரும், 15 வோல்ட்டும் தரும். நல்ல கருவி கொஞ்ச நேரத்தில் 15க்குப் போகும், 5லேயே நின்றுவிட்டால் முதல் சந்தேகம் அந்தச் சிப்மேல். எங்களுடையதைத் திறந்தபோது போர்டின் பாதி பச்சை பூத்திருந்தது, அதனால் சிப்போடு முடிகிற கதை இல்லை.

இனி போர்ட் வாங்குவது. இங்கேதான் என் காசு போனது.

ஸ்விட்சின் உள் சேமிப்பு 32 ஜி.பி. சாதாரண ஸ்விட்சில் அது மதர்போர்டோடு பற்றவைத்த சிப் இல்லை, அழுத்தி மாட்டுகிற தனிச் சிறு பலகை. மெமரி என்று நான் சொல்வது அதைத்தான். இதைப் படித்தவுடன் எனக்குச் சந்தோஷம். கொழும்பு புறக்கோட்டையில் ஒருவரிடம் மெமரி இல்லாத வெறும் போர்ட் மலிவாக இருந்தது. பழைய மெமரியைக் கழற்றி இதில் மாட்டிவிட்டால் போர்டும் புதிது, பிள்ளையின் விளையாட்டுச் சேமிப்பும் அப்படியே இருக்கும் என்று நினைத்து வாங்கிவிட்டேன். எல்லாவற்றையும் சுத்தமாக மாட்டி, பட்டனை அழுத்தினால் கறுப்புத் திரை. மூன்று தரம் கழற்றி மாட்டியும் அதே கறுப்பு.

காரணம் இதுதான்: மெமரியில் இருக்கும் எல்லாம் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது, அதைத் திறக்கும் சாவி மதர்போர்டிலுள்ள என்விடியா டெக்ரா எக்ஸ்1 சிப்புக்குள் இருக்கிறது. ஒவ்வொரு சிப்புக்கும் சாவி வேறு. ஒரு போர்டின் மெமரியை இன்னொரு போர்ட் படிக்கவே படிக்காது. அதனால் போர்டும் மெமரியும் ஒரு ஜோடி. வாங்கும்போது "இதோடு வந்த மெமரி இதிலேயே இருக்கிறதா" என்று கேளுங்கள், முடிந்தால் ஆன் செய்து காட்டும் வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். வெறும் போர்டை யாராவது பாதி விலைக்குத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

இதிலேயே இன்னொரு கசப்பான விஷயம் அடங்கியிருக்கிறது. பழைய சேமிப்பு திரும்ப வராது. விளையாட்டுச் சேமிப்பு எஸ்.டி. கார்டில் இல்லை, உள் மெமரியில்தான் இருக்கிறது. நின்டெண்டோவின் கட்டணச் சந்தா எடுத்து கிளவுடில் ஏற்றி வைத்திருந்தால் மட்டும்தான் பிழைக்கும், அதிலும் சில விளையாட்டுகளுக்கு அந்த வசதியே இல்லை. "மாமா, என் சேவ் எல்லாம் இருக்குமா?" என்று அவன் கேட்டபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. ஆனாலும் திறப்பதற்கு முன்பே சொன்னதுதான் சரி என்று இப்பவும் நினைக்கிறேன், நீங்களும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, உங்களுடையது எந்த வகை என்பது. 2017இல் வந்தது எச்.ஏ.சி-001, 2019இல் வந்தது எச்.ஏ.சி-001(-01), பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இரண்டாவதில் சிப்பே புதுத் தலைமுறை, பேட்டரி கூடுதல் நேரம் நிற்பதும் அதனால்தான். உங்களுடையது எந்த வகையோ அதே வகைப் போர்டைத்தான் வாங்க வேண்டும். மற்றது, களவு விளையாட்டு ஓட்டி நின்டெண்டோவால் தடை செய்யப்பட்ட போர்டுகளும் சந்தையில் சுற்றுகின்றன. இணையத்தில் இணைக்கும்போது 2124-4007 என்று பிழை வந்தால் அது தடை. போர்ட் வேலை செய்யும், ஆனால் அதை வைத்து ஒரு விளையாட்டையும் இறக்க முடியாது.

கருவிகள் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் கடுமையானது. முப்பது தலை சேர்ந்த மலிவுப் பெட்டி வேண்டவே வேண்டாம். மூன்று கால் நட்சத்திரம் போன்ற ட்ரை-விங் ஒன்று, ஜப்பானிய அளவில் நாலு காலாக இருக்கும் ஜே.ஐ.எஸ். 000 ஒன்று, இரண்டே இரண்டை நல்லதாக வாங்குங்கள். சாதாரண நாலு கால் டிரைவரும் உட்காரும், ஆனால் வழுக்கி ஸ்க்ரூ தலையைத் தின்றுவிடும். அப்புறம் பிளாஸ்டிக் நெம்புகோல், கூர் சாமணம், சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட், 99 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹால். பார்மசியில் தரும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், அதைப் போர்டில் ஊற்றாதீர்கள். ஸ்க்ரூ வைக்க ஒரு தாளில் ஸ்விட்சின் படத்தை வரைந்து, மேலே இரட்டைப் பக்க டேப் ஒட்டி, எந்த இடத்தில் கழற்றினீர்களோ படத்தில் அதே இடத்தில் குத்தி வையுங்கள். நீளம் மாறிப் போட்டால் திரைப்பக்கம் வரை இறங்கிவிடும்.

மலைநாட்டில் இருப்பவர்கள் நேரத்தையும் பார்க்க வேண்டும். பனிமூட்டம் ஜன்னல் வழியே உள்ளே வரும் காலையில் திறக்காதீர்கள், பத்து பதினொரு மணிக்கு வெயில் விழும்போது உட்காருங்கள், கரண்ட் போனாலும் வெளிச்சம் இருக்கும். குளிருக்குப் போட்டிருக்கும் நைலோன் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, இரும்புக் குழாய் ஒன்றைத் தொட்டுவிட்டு வாருங்கள். தை, மாசியில் நுவரெலியாவில் பனி உறைந்து காற்று காயும் நாட்களில் நிலைமின் நன்றாகவே அடிக்கும்.

சரி, திறப்போம். எஸ்.டி. கார்டு, கேம் கார்டு, ஜாய்-கான் (இரு பக்கமும் கழற்றி மாட்டும் பட்டன் பிடிகள்) இரண்டையும் எடுங்கள். பின் மூடியின் நாலு மூலையிலும் ட்ரை-விங். மற்றவை ஜே.ஐ.எஸ்.: மேல் விளிம்பில் ஒன்று, கீழ் விளிம்பில் இரண்டு, ஜாய்-கான் ஏறும் தண்டவாளத்தின் நடுவில் பக்கத்துக்கு ஒன்று, கடைசியாக நிறுத்தும் காலுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்று. அந்தக் கடைசியை மறந்துவிட்டு மூடியை இழுத்தால் பிளாஸ்டிக் உடையும். மூடி வந்த பிறகு எஸ்.டி. கார்டு வாசிக்கும் சின்னப் பலகையை, ஒரு ஸ்க்ரூ கழற்றி, நேராக மேலே தூக்குங்கள். அடுத்தது உலோகத் தகடு, ஆறு ஸ்க்ரூ. தகட்டுக்கும் செம்புக் குழாய்க்கும் நடுவே களிம்பு போல ஒன்று இருக்கும். அது அழுக்கு இல்லை, துடைத்து எறியாதீர்கள், சூட்டைத் தகட்டுக்குக் கடத்துவது அதுதான்.

இப்போது பேட்டரி இணைப்பை நெம்பி எடுங்கள். இது முடியும்வரை வேறு எந்த வயரையும் தொடக்கூடாது. பேட்டரி உயிரோடு இருக்கும்போது திரை வயரைப் பிடுங்கினால் பின்னொளிச் சுற்று எரிந்துபோகும், அப்புறம் எல்லாம் ஓடும், திரை மட்டும் இருட்டாக இருக்கும். பேட்டரியையே கழற்ற வேண்டியதில்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறது, இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

செம்புக் குழாய்க்கு மூன்று ஸ்க்ரூ, மெல்லத் திருகித் தூக்கினால் சிப் தெரியும். பிறகு விசிறி வயர், ஒலிபெருக்கி, இரண்டு ஆன்டெனா, இரண்டு பக்கத் தண்டவாள நாடா (தட்டையான பட்டை வயரைத்தான் நாடா என்கிறேன்), பவர்-வால்யூம் நாடா, திரை நாடா, பின்னொளி நாடா என்று ஒவ்வொன்றாக. ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள்.

நாடாக்களைப் பற்றி நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சரியான போர்ட் கிடைத்த பிறகும் எனக்கு ஒரு நாள் போனது இதில்தான். நாடா நுழையும் வாயில் ஒரு மெல்லிய மடல் இருக்கும். அதை நகத்தால் நிமிர்த்த வேண்டும், இழுக்கக் கூடாது. நிமிர்ந்த பிறகு நாடா தானாகவே வழுகி வரும், பலம் தேவையே இல்லை. தேவைப்பட்டால் மடல் இன்னும் திறக்கவில்லை என்று அர்த்தம். கேம் கார்டு பலகையைக் கழற்றினால் அதன் அடியில் தொடுதிரையின் நாடா ஒளிந்திருக்கும். நான் திரும்ப மாட்டும்போது அது ஒரு மயிரிழை சரிந்து நுழைந்திருக்கிறது, மேலே பலகையை மூடிவிட்டதால் தெரியவில்லை. முழுக்கப் பூட்டி ஆன் செய்தால் படம் வருகிறது, பட்டன் வேலை செய்கிறது, தொட்டால் மட்டும் அசையவில்லை. நாடாவின் குறுக்கே வெள்ளைக்கோடு இருக்கும், அது வாயோடு இணையாக நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மடலைச் சாய்க்க வேண்டும்.

போர்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும் எடுத்துவிட்டு ஒரு பக்கமாகச் சரித்துத் தூக்குங்கள். யூ.எஸ்.பி-சி வாய் போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் அதுவும் கூடவே வரும், புதுப் போர்டில் புது வாய் கிடைக்கும். சட்டகத்தில் தண்ணீர்க்கறை இருந்தால் அல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். அரிசிக்குள் போட்டு வைப்பதால் எந்தப் பலனும் இல்லை. அக்கா மூன்று நாள் போட்டு வைத்திருந்தாள், பச்சை அதற்குள் இன்னும் பரவிவிட்டது.

திரும்ப மாட்டுவது அதே வரிசை, தலைகீழாக. சிப்பில் பழைய பேஸ்டைச் சுத்தமாகத் துடைத்துப் புதிதாக அரிசியளவு வையுங்கள். பேட்டரி கடைசி. பின் மூடியைப் பூட்டுவதற்கு முன்னாலேயே ஆன் செய்து தொடுதிரை, ஒலி, வைஃபை, சார்ஜ், கேம் கார்டு எல்லாம் பாருங்கள். மாதக்கணக்காகச் செத்துக் கிடந்த பேட்டரி என்றால் உடனே ஒளிராது, அசல் சார்ஜரில் அரைமணி நேரம் விட்டுவிட்டு அப்புறம் அழுத்துங்கள்.

முந்தைய உரிமையாளரின் கணக்கு இருந்தால் செட்டிங்ஸில் முழுவதையும் அழித்துவிட்டு உங்கள் கணக்கைப் போடுங்கள். காசு கொடுத்து வாங்கியவை கணக்கில் இருக்கும், திரும்ப இறக்கலாம். பழைய எஸ்.டி. கார்டிலுள்ள விளையாட்டுகளைப் புதுப் போர்ட் ஏற்காது, அதனால் படங்களை மட்டும் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிட்டுக் கார்டை ஃபார்மட் செய்யுங்கள். எல்லாவற்றையும் இறக்க ஜிபி கணக்காகப் போகும், நாங்கள் இரவு டேட்டாவில் நாலு நாள் விட்டோம்.

பின்சேர்ப்பு: இதைப் படித்துவிட்டு பண்டாரவளையிலிருந்து ஒருவர் ஸ்விட்ச் லைட் என்ற சிறிய வகைக்கும் இப்படித்தானா என்று கேட்டிருந்தார். லைட்டில் மெமரி போர்டோடேயே பற்றவைத்தது, ஆகவே ஜோடி பிரிந்து வரும் பயம் இல்லை. சேமிப்பு போவதில் மாற்றம் இல்லை. ஜாய்-கான் கழற்ற முடியாது என்பதால் இரண்டு பக்கப் பட்டன் நாடாக்களும் உள்ளேயே இருக்கும், திறப்பதற்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட வையுங்கள்.

இன்னொருவருக்கு எல்லாம் சரியாகி ஜாய்-கான் மட்டும் ஒரு பக்கம் சார்ஜ் ஆகவில்லை. அந்தப் பக்கத் தண்டவாள நாடாவின் மடல் சாயாமல் நின்றிருந்ததாம், சாய்த்தவுடன் சரியாகிவிட்டது என்று நேற்று எழுதியிருக்கிறார்.