பிரைமரி முடிந்த கையோடு கூட்டம் போடுகிறவர்களுக்கு

சிலிக்கான் பள்ளத்தாக்குப் பக்கம் நம்மவர்கள் உள்ளூர் டெமாக்ரடிக் கிளப்புகளில் சேர்வது இப்போது சகஜமாகிவிட்டது. சிலர் செயலாளர், பொருளாளர் என்று பொறுப்புக்கும் வந்துவிட்டார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நவம்பர் பொதுத் தேர்தலுக்கு முந்தைய சுற்றான பிரைமரி தேர்தல் முடிந்ததும் "ரிசல்ட்டைப் பற்றிப் பேசுவோம் வாங்க" என்று கூட்டும் முதல் கூட்டத்தில் போய் உட்கார்ந்தால், ஒரு காலத்தில் எங்கள் செட் அடித்த அதே கூத்து அட்சரம் பிசகாமல் நடக்கிறது.

நேரத்துக்குத் தொடங்குங்கள், ஸூம் லிங்க் வேலை செய்கிறதா என்று பாருங்கள், ஒரே ஆளிடம் அரைமணி நேரம் மைக்கைக் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

## எண்ணி முடிக்கும் முன்பே முடிவைப் பேசுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதற்குத்தான்.

ஊர்ப் பழக்கம் நம்மை விட்டுப் போவதில்லை. காலை எட்டு மணிக்குத் தபால் ஓட்டு, எட்டரைக்கு மெஷின், மத்தியானத்துக்குள் யார் முன்னிலை என்று தெரிந்துவிடும், சாயங்காலம் பட்டாசு. கலிஃபோர்னியாவில் அந்தக் கதையே இல்லை. பதிவு செய்த வாக்காளர் எல்லோருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வருகிறது. தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால், அதற்குப் பிறகு ஏழு நாளைக்குள் வந்து சேரும் சீட்டும் செல்லும். எண்ணி, சரிபார்த்து, கணக்கை மூடக் கவுண்டிகளுக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஏறத்தாழ ஒரு மாதம். 2024 பிரைமரி நடந்தது மார்ச் 5. கவுண்டிகளுக்குக் கெடு ஏப்ரல் 4. தேர்தல் பொறுப்பில் உள்ள மாநிலச் செயலர் சான்றளிக்க வேண்டிய நாள் ஏப்ரல் 12.

தேர்தல் இரவு எட்டு மணி தாண்டியதும் வெளியாகும் முதல் எண்கள் பெரும்பாலும் முன்கூட்டியே வந்து சேர்ந்த தபால் சீட்டுகள். அப்படிச் சீக்கிரமே அனுப்புகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். கடைசி நாளில் கொண்டுவந்து பெட்டியில் போட்டவை, அன்றைக்கே பெயரைப் பதிந்து ஓட்டுப் போட்டவர்களின் சீட்டுகள் எல்லாம் பின்னால்தான் எண்ணப்படும். இளவயதுக்காரர்கள் அதில்தான் கூடுதல். ஆகவே முதல் நாள் சதவீதத்தை வைத்துக்கொண்டு மிச்சமும் இப்படியே போகும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. மிச்சம் இருப்பது வேறு ஜனம்.

அந்த 2024 மார்ச்சில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு இந்தப் பக்கத்து 16ஆவது தொகுதி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பதவியில் இருந்த அன்னா எஷூ ஓய்வு பெறுவதாக அறிவித்துவிட்டதால் பதினொரு பேர் களத்தில். சான் ஹோசே முன்னாள் மேயர் சாம் லிக்கார்டோ முதலிடம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இங்கே பிரைமரியில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள்தான் நவம்பருக்குப் போவார்கள்; அந்த இரண்டாவது ஆள் யார் என்பதுதான் கேள்வி. கவுண்டி மேற்பார்வையாளர் ஜோ சிமிட்டியனா, மாநில சட்டமன்ற உறுப்பினர் எவன் லோவா?

தேர்தல் முடிந்த அந்த வாரமே ஒரு கிளப் கூட்டம் போட்டது. அழைத்திருந்தார்கள், போனேன். நூலக அறை, மடக்கு நாற்காலிகள், பின்வரிசையில் சமோசா. திரையில் தேர்தல் இரவின் ஸ்க்ரீன்ஷாட் ஒன்று. மூலையில் இரவு 8.05 என்று நேரம்கூடத் தெரிகிறது. தலைவர் லேசர் பாயிண்டரை வைத்துக்கொண்டு, "சிமிட்டியன் உள்ளே, லோ வெளியே, அடுத்த வேலையைப் பார்ப்போம்" என்றார். ஏன் லோ தோற்றார் என்று ஒரு மணி நேரம் அலசல். தெற்குப் பகுதியில் கதவு தட்டாததுதான் காரணம் என்றார் ஒருவர். விளம்பரம் சரியில்லை என்றார் இன்னொருவர். தோற்கவே தோற்காத மனிதருக்கு அத்தனை காரணங்கள்!

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இடைவேளையில் சமோசாத் தட்டு பக்கம் நின்றபோது, புதிதாகக் குடியுரிமை வாங்கியிருந்த நம்மூர்ப் பெண் ஒருவர் கைப்பையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் காட்டினார். கவுண்டி தேர்தல் அலுவலகத்திலிருந்து வந்த கடிதம். அவர் தன் வாக்குச்சீட்டு உறையின் மேல் போட்டிருந்த கையெழுத்து, பதிவில் இருக்கும் கையெழுத்தோடு பொருந்தவில்லை. இந்தப் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பினால் உங்கள் ஓட்டு எண்ணப்படும் என்று எழுதியிருந்தது. கெடு தேதியும் இருந்தது, இன்னும் நிறைய நாள் தள்ளி.

"ஏம்மா இன்னும் அனுப்பலை?" என்றேன்.

"அதான் எல்லாம் முடிஞ்சு போச்சுன்னு சொல்றாங்களே அண்ணா, இனிமே எதுக்கு?"

கிளப் தலைவரே திரை போட்டுச் சொன்ன பிறகு அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்த அறையில் இருந்தவர்களுக்கு எத்தனை நண்பர்கள், எத்தனை அண்டை வீட்டார், அவர்கள் மேசைமேல் எத்தனை உறைகள் கிடந்திருக்கும்! கையெழுத்து பொருந்தாமல் நிற்கும் சீட்டுகள் புது வாக்காளர்களிடம்தான் அதிகம் வரும். லைசென்ஸ் வாங்கும்போது தமிழில் கையெழுத்து, ஓட்டுப் போடும்போது ஆங்கிலத்தில் என்று மாற்றிப் போடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். நாளாக நாளாக இடைவெளி சுருங்கியது. முன்னும் பின்னுமாக மாறியது. கடைசியில் சிமிட்டியனுக்கும் லோவுக்கும் தலா 30,249 ஓட்டு. சரிசமம். விதிப்படி இருவருமே நவம்பர் வாக்குச்சீட்டில் ஏற வேண்டும்; முதல் இரண்டு பேர் என்ற முறை வந்த பிறகு காங்கிரஸ் தொகுதி ஒன்றில் மூன்று பேர் ஏறுவது அதுவே முதல் தடவையாக இருந்திருக்கும். பிறகு மறு எண்ணிக்கை கேட்டார்கள். இங்கே எந்த வாக்காளரும் கேட்கலாம், செலவைக் கேட்டவர்தான் கட்ட வேண்டும். முடிவில் லோ 30,261, சிமிட்டியன் 30,256. ஐந்தே ஓட்டு.

2016இல் ராதாபுரத்தில் 49 ஓட்டு வித்தியாசமும், செல்லாது என்று ஒதுக்கிய தபால் ஓட்டுகளும் நீதிமன்றம்வரை போனதை மணிக்கணக்கில் பேசத் தெரிந்த நமக்கு, பக்கத்து நாற்காலிக்காரரின் கைப்பையில் இருந்த தபால் ஓட்டு கண்ணில் படவில்லை.

சரி, முதல் வாரத்தில் கூட்டமே போடக் கூடாதா? தாராளமாகப் போடுங்கள். ஆனால் அலசலுக்கு வேண்டாம். மாநிலச் செயலரின் தளத்தில் எண்ணப்படாத சீட்டுகள் கவுண்டிவாரியாக எவ்வளவு என்று மதிப்பீடு வரும், அதைத் திரையில் போடுங்கள். ஒரு சின்னக் கணக்கும் போடுங்கள். பேச்சுக்கு, மிச்சம் 40,000 சீட்டு, இடைவெளி 2,000 என்று வைத்துக்கொள்வோம். நிறையப் பேர் போட்டியிடும் களத்தில் அந்த இருவருக்குமாகச் சேர்த்து மூன்றில் ஒரு பங்குதான் விழுகிறது என்றால், பங்கு போட இருப்பது சுமார் 13,300. பின்தங்கியவர் அதில் 7,650 வாங்கினால்தான் தொட முடியும், அதாவது 57.5 சதவீதம். கடினம், ஆனால் நடக்காததல்ல. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டால் "முடிஞ்சு போச்சு" என்ற வார்த்தை யார் வாயிலிருந்தும் வராது. மீதி நேரத்துக்கு எல்லோரையும் போனை எடுக்கச் சொல்லி, தங்கள் சீட்டு எண்ணப்பட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தபால் சீட்டின் நிலையை இணையத்திலேயே பார்க்கலாம். கையெழுத்துச் சிக்கல் என்று வந்தால் அங்கேயே படிவத்தை நிரப்பி அனுப்ப வைத்துவிட்டுத்தான் சமோசா.

ஏன் தோற்றோம், ஏன் ஜெயித்தோம் என்ற கூட்டம் சான்றளித்த பிறகு. அதற்குள் வார்டுவாரி எண்களும் கிடைத்துவிடும். வாய்க்கு வந்த காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்காது.

## பிரைமரி சதவீதத்தை அப்படியே நவம்பருக்குக் கொண்டுபோவது

அதே 2024 மார்ச்சில் செனட் இடத்துக்கு ஒரே வாக்குச்சீட்டில் இரண்டு போட்டி இருந்தன: டயான் ஃபைன்ஸ்டீன் விட்டுச்சென்ற பதவிக்காலத்தின் மிச்சத்துக்கு ஒன்று, முழு ஆறாண்டுக்கு ஒன்று. மிச்சக் காலத்துக்கான போட்டியில் ரிபப்ளிகன் ஸ்டீவ் கார்வி முதலிடம், ஆடம் ஷிஃப் இரண்டாமிடம். முழுக் காலத்துக்கு இருவரும் தலா 31 சதவீதத்துக்குச் சற்று மேல். இதைப் பார்த்துப் பதறிப்போய் மின்னஞ்சல் அனுப்பியவர்கள் உண்டு. நவம்பரில் இரண்டிலும் ஷிஃப் 58 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். மார்ச்சில் டெமாக்ரடிக் ஓட்டை ஷிஃப், கேட்டி போர்ட்டர், பார்பரா லீ என்று பிரித்துக்கொண்டார்கள். ரிபப்ளிகன் ஓட்டு பெரும்பாலும் ஒரே ஆளுக்குப் போனது. தவிரவும், பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்கள் பதிவானவர்களில் சுமார் 35 சதவீதம், நவம்பரில் 71.

வேட்பாளர் சதவீதத்தைப் பார்க்காதீர்கள். கட்சிவாரியாகக் கூட்டிப் பாருங்கள்.

## "நம்ம கட்சி வேட்பாளர்" என்று பேசுவது

2010இல் மக்கள் வாக்கெடுப்பில் 14ஆவது முன்மொழிவு நிறைவேறி 2012 முதல் நடைமுறைக்கு வந்த முறை இது. காங்கிரஸ், சட்டமன்றம், கவர்னர் பதவிகளுக்கு எல்லாக் கட்சிக்காரரும் ஒரே வாக்குச்சீட்டில். முதல் இருவர், எந்தக் கட்சியானாலும், நவம்பருக்கு. கட்சி ஒருவரை நிறுத்துவது என்பதே இல்லை. அதிபர் தேர்தல் பிரைமரி மட்டும் பழைய முறையில், கட்சிவாரியாக.

இது புரியாதவர்களுக்கு 2012இல் சான் பெர்னார்டினோ பக்கம் 31ஆவது தொகுதியில் நடந்ததைச் சொல்லுங்கள். டெமாக்ரடிக் சாய்வுள்ள தொகுதி. நான்கு டெமாக்ரட்டுகள் ஓட்டைப் பிரித்துக்கொள்ள, இரண்டு ரிபப்ளிகன்கள் முதல் இரண்டு இடத்தையும் பிடித்தார்கள். நவம்பர் சீட்டில் டெமாக்ரட் பெயரே இல்லை. அன்றைக்கு வெளியேறிய பீட் அகிலார் 2014இல் திரும்ப நின்று ஜெயித்து, பின்னால் அவையில் கட்சியின் மேல்மட்டத் தலைவர்களில் ஒருவரானார். ஆக, "நம்ம ஆட்கள் நிறையப் பேர் நிற்கிறார்கள்" என்று கூட்டத்தில் கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம்.

## விசாவில் இருப்பவரைப் பணத் தீர்மானத்தில் கை தூக்க வைப்பது

நம் ஆட்கள் நிறைந்த கிளப்புகளில் இது அடிக்கடி நடக்கிறது, ஆர்வக் கோளாறில்.

ஹெச்1பி விசாவில் இருப்பவர் கூட்டத்துக்கு வரலாம், சம்பளம் வாங்காமல் தொண்டு வேலை செய்யலாம், பேசலாம். தேர்தல் நன்கொடை தரக் கூடாது. தேர்தலுக்குக் கிளப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்ற முடிவிலும் பங்கெடுக்கக் கூடாது. கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை தரலாம். ஆனால் ஓட்டு கிடையாது. ஓட்டுரிமை இல்லாதவர் தெரியாமல் வாக்காளராகப் பதிந்துகொண்டாலே குடியேற்ற விவகாரத்தில் பெரிய தலைவலி. வாசலில் வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டுகிறவரிடம், முதலில் "சிட்டிசனா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

## தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் அழைப்பைப் போடுவது

சங்கம் 501(சி)(3) வரிவிலக்கு அமைப்பா? அப்படியானால் அதன் பெயர், பட்டியல், மண்டபம் எதையும் வேட்பாளருக்காகத் தொடாதீர்கள்.

## தோற்றவரின் ஆட்களிடம் மேடையில் விளக்கம் கேட்பது

வேண்டாம். நவம்பரில் கதவு தட்ட அவர்களும் வர வேண்டும்.

## மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) பேச்சை எழுதுவது

யார் என்ன சொன்னார் என்பது வேண்டாம். என்ன தீர்மானம், எத்தனை ஓட்டு. அவ்வளவே.

## ஆதரவு தானாக மாறிவிடும் என்று நினைப்பது

பிரைமரியில் நீங்கள் ஆதரித்தவர் வெளியேறிவிட்டால், அந்த ஆதரவு அடுத்தவருக்குத் தாவாது. புதிதாக வாக்கெடுப்பு நடத்த வேண்டும். கட்சியின் கவுண்டி மத்தியக் குழுவிடம் அங்கீகாரம் வாங்கிய கிளப் என்றால், டெமாக்ரட்டை எதிர்த்து நிற்கும் வேற்றுக் கட்சிக்காரரை ஆதரிக்க முடியாது. இருவரும் டெமாக்ரட்டாக இருந்தால் யாரையும் ஆதரிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். 16ஆவது தொகுதியில் கடைசியில் மோதிய லிக்கார்டோ, லோ இருவரும் டெமாக்ரட்டுகள்தான். சிமிட்டியனை ஆதரித்த கிளப்புகள் எல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

உங்கள் பை-லாவை, அதாவது கிளப் விதிகளை, எடுத்து மூன்று விஷயம் பாருங்கள்: எத்தனை நாள் முன்பு அறிவிக்க வேண்டும், கோரம் (குறைந்தபட்சம் வந்திருக்க வேண்டியவர்கள்) எவ்வளவு, எத்தனை சதவீத ஓட்டு வேண்டும். பல கிளப்புகளில் பாதிக்கு மேல் என்பது போதாது, 60 சதவீதம் கேட்பார்கள். கூட்ட அறிவிப்பில் "ஆதரவு வாக்கெடுப்பு" என்ற வரி இல்லாமல் "முடிவுகள் பற்றிய கலந்துரையாடல்" என்று மட்டும் போட்டுவிட்டு, உற்சாகத்தில் அங்கேயே வாக்கெடுப்பு நடத்தினால், தோற்ற பக்கத்திலிருந்து ஒருவர் பை-லாவோடு எழுந்து நிற்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.